எலுமிச்சம்பழம் பார்த்த டைமிங் பெல்ட்டு

கல்வராயன் மலையிலிருந்து இறங்குகிற ரோடு சமதரைக்கு வந்து சேருகிற இடத்தில் ஒரு புளியமரம். போன ஆடி வரைக்கும் அந்த மரத்தடியில் நிழல் மட்டும்தான் கிடைத்தது. ஆவணியிலிருந்து அருளும் கிடைக்க ஆரம்பித்தது.

அருள் கொடுத்தவர் பெல்ட்டுச் சித்தர். அதற்கு முன்னால் வெறும் சடையன். மணலூர்பேட்டையில் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தவர் என்று சிலர் சொல்வார்கள். சித்தர்களின் பழங்கதையைக் கிளறினால் கண்ணு போய்விடும் என்று பலர் அவர்கள் வாயை அடைப்பார்கள்.

வண்டி இன்ஜினுக்குள்ளே பல்லு வைத்த ரப்பர் பட்டை ஒன்று ஓடுகிறதல்லவா, டைமிங் பெல்ட்டு? அது அறுந்தால் இன்ஜின் அங்கேயே படுத்துவிடும். வால்வெல்லாம் வளைந்து, பழைய இரும்புக் கடைதான் கதி. மலையேறும்போது அறுந்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வாய் வரவில்லை. அதை எப்போது மாற்றுவது என்பதைத்தான் சித்தர் பார்த்துச் சொன்னார். கண்ணால் இல்லை, எலுமிச்சம்பழத்தால்.

கறுப்புக் கயிற்றில் பழத்தைக் கட்டி, மூடின பானட்டுக்கு, அதாவது இன்ஜின் மூடிக்கு, மேலே தொங்கவிடுவார். முன்னும் பின்னும் ஆடினால் பெல்ட்டு சுகம். குறுக்கே ஆடினால் ஆபத்து, ரட்சை கட்டவேண்டும். ரட்சை என்பது வேறொன்றுமில்லை, எங்கேயோ அறுந்து விழுந்த பழைய பெல்ட்டைத் துண்டு போட்டு மஞ்சள் தடவினது. தன்னையே காப்பாற்றிக்கொள்ளாத பெல்ட்டு அடுத்த பெல்ட்டை எப்படிக் காப்பாற்றும் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. கேட்டால் பழம் கோபித்துக்கொள்ளுமாம்.

இரண்டே நிபந்தனை. பானட்டைத் திறக்கக் கூடாது. இன்ஜின் ஓடக் கூடாது, பெல்ட்டு தூங்கும்போதுதான் பழத்தோடு பேசுமாம். இரண்டாவது நிபந்தனை நம் டிரைவர்களுக்கு அல்வா. மலையிறக்கத்தில் இன்ஜினை அணைத்துவிட்டு, நியூட்ரலில் உருட்டிக்கொண்டே வருவது அவர்கள் பரம்பரைப் பழக்கம். டீசல் மிச்சமாம். உயிர் மிச்சமாகுமா என்று எவரும் யோசிப்பதில்லை. ஆக, வண்டிகள் சத்தமில்லாமல் உருண்டு வந்து மரத்தடியில் நிற்கும், சித்தரும் சத்தமில்லாமல் தட்டை நீட்டுவார்.

கூட்டமா கூட்டம். வேன், ஜீப், மினி லாரி. கிரைண்டர் பெல்ட்டைக் காட்ட ஒரு அம்மா கிரைண்டரையே ஆட்டோவில் ஏற்றி வந்தாள். கரியாலூர் மாவு மில்லுக்காரர் மில்லைத் தூக்கிவர முடியாமல் மில்லின் போட்டோவைக் கொண்டுவந்தார். போட்டோவுக்கு மேலேயும் பழம் ஆடியது.

இந்தக் கூட்டத்தில்தான் நம்ம தங்கதுரை. கள்ளக்குறிச்சிக்கும் வெள்ளிமலைக்கும் வேன் ஓட்டுகிறவன். வண்டி பழசு, கை மாறி வந்தது. வருகிற வெள்ளிக்கிழமை அவன் மகளுக்கு மலைமேல் காதுகுத்து. குழந்தையும், பெண்டாட்டி அம்சவள்ளி பிறந்த வீட்டு ஜனம் மொத்தமும் அந்த வேனில்தான் ஏறவேண்டும். சித்தர் பழத்தை ஆட்டிப் பார்த்து, ரட்சையும் கட்டி, "தை மாசம் வரைக்கும் பெல்ட்டுக்கு எமனே கிடையாது" என்று சொல்லிவிட்டார். தங்கதுரை நிம்மதியாக வீட்டுக்கு வந்தான்.

நிம்மதி வாசல்வரைக்கும்தான். அம்சவள்ளி கத்திரிக்காயைக்கூடக் கிள்ளிப் பார்த்து வாங்குகிறவள்.

"மூடி வெச்ச வண்டிக்குள்ள இருக்கிறது பழத்துக்கு எப்டிங்க தெரியும்?" என்றாள். அவனைக் கையோடு இழுத்துக்கொண்டு காஜா மைதீனின் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போனாள்.

"பெல்ட்டு எப்ப மாத்துன?" என்றார் காஜா.

"நான் வாங்குனதுலேருந்து மாத்தல பாய்."

"உனக்கு வித்தவன் மாத்துனானா?"

"கேக்கல."

"கிலோமீட்டர் எவ்ளோ ஓடியிருக்குது?"

"வாங்கும்போதே மீட்டர் செத்துப்போச்சு பாய்."

காஜா தலையில் கைவைத்துக்கொண்டார். "இத்தினி கிலோமீட்டர், இல்லன்னா இத்தினி வருஷம், எது முன்னாடி வருதோ அதுல மாத்துன்னு வண்டி கம்பெனிக்காரன் சொல்றான். உனக்கு ரெண்டுமே தெரியல. தெரியலன்னா மாத்திடணும்பா."

"பெல்ட்டு விக்கிறவரு வேற இன்னா சொல்லுவாரு," என்று தங்கதுரை முணுமுணுத்தான்.

"அதுவும் நாயந்தான்," என்றாள் அம்சவள்ளி. "பெல்ட்டு விக்கிறவரு மாத்துன்றாரு, ரட்சை விக்கிறவரு வாணான்றாரு. ரெண்டு பேரும் யாவாரிங்கதான். சோதிச்சுப் பாத்துடலாம். பாய், பானட்டைத் தொறக்காம பெல்ட்டு நல்லா இருக்குதா இல்லியான்னு நீங்க சொல்லுவீங்களா?"

"என்னால ஆவாதும்மா. எங்க அத்தா எழுந்து வந்தாலும் ஆவாது."

"தெரியாதுன்னு உண்மைய சொல்லிட்டாரு. சோதனையில இவரு பாஸு. இப்ப உங்க சாமியப் பாப்போம்."

கடைக்குப் பின்னால் மழையில் நனைந்துகொண்டு ஒரு பழைய வேன் கிடந்தது. இன்ஜினைக் கழற்றி விற்று வெகு நாளாயிற்று. வெளியே பார்த்தால் வேன், உள்ளே காலி. அம்சவள்ளி அதைச் சுற்றி வந்தாள். "இத உருட்டிக்கினு போயி சாமிகிட்ட காட்டலாம். இன்ஜினே இல்லன்னு அவரு சொல்லிட்டாருன்னா, நானே வந்து அவரு கால்ல வுழறேன். சொல்லலன்னா பெல்ட்ட மாத்துங்க."

தங்கதுரை மார் தட்டிக்கொண்டு ஒப்புக்கொண்டான். "பழம் பானட்டைத் தாண்டறதுக்குள்ள கண்டுபுடிச்சுடுவாரு, பாத்துக்கினே இரு."

மறுநாள் தன் வேனில் கயிறு கட்டி, அந்தக் காலி வேன் கூட்டை மலை ரோட்டின் முதல் வளைவுவரை இழுத்துக்கொண்டு போனான். அங்கே கயிற்றை அவிழ்த்துவிட்டு, தானே ஸ்டியரிங்கைப் பிடித்து, காஜாவைப் பக்கத்தில் உட்கார வைத்து, உருட்டினான். இன்ஜின் சத்தம் இல்லையே என்று யாராவது திரும்பிப் பார்த்தார்களா? அந்த ரோட்டில் எல்லா வண்டியும் அப்படித்தானே வரும். இன்ஜின் இல்லாத வண்டியில் பிரேக்கு கல்லு மாதிரி மிதிபடாமல் இருந்ததால் வண்டி சித்தரின் தேங்காய்க் குவியலை ஒரு இடி இடித்துவிட்டு நின்றது. சகுனம் நல்லாயிருக்கு என்றார் சித்தர்.

பழம் தொங்கியது. தங்கதுரை கைகட்டி நின்றான். இப்போது சொல்லிவிடுவார் என்று சித்தரின் வாயையே பார்த்தான். கூட்டத்தில் நின்ற அம்சவள்ளி முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"நல்ல இன்ஜின்," என்றார் சித்தர் கண்ணை மூடிக்கொண்டு. "யானை பலம். மலையேறும்போது மட்டும் லேசா மூச்சு வாங்கும்."

தங்கதுரை கட்டின கையை அவிழ்த்துவிட்டு அம்சவள்ளியைத் திரும்பிப் பார்த்தான்.

"பெல்ட்டு அழுவுதுப்பா. உள்ள சன்னமா ஒரு சத்தம் என் காதுல வுழுது. ரட்சை கட்டிட்டா பொங்கல் தாண்டிடும்."

"இன்ஜின் இருக்குதுங்களா சாமி? நல்லா பாத்து சொல்லுங்க," என்றாள் அம்சவள்ளி.

"எண்ணெய் மட்டும் கம்மி. மத்தபடி குறையே இல்ல."

அம்சவள்ளி விறுவிறு என்று போய் பானட்டைத் தூக்கினாள்.

இன்ஜின் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு பழைய சாக்கு. சாக்கின் மேல் ஒரு கோழி, அடைகாத்துக்கொண்டிருந்தது. இத்தனை ஜனத்தையும் பார்த்துச் சன்னமாக முனகியது. காஜாவே ஒரு நிமிஷம் வாயைப் பிளந்தார். "அட, எங்க வூட்டுக் கோழி. நேத்துலேருந்து இத தேடிக்கினு இருக்கா என் பொஞ்சாதி."

கூட்டம் முண்டியடித்து எட்டிப் பார்த்தது. பிறகு மாவு மில்லுக்காரர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "இன்னா மகிமை பாத்தீங்களா. இன்ஜினைக் கோழியாக்கிட்டாரு."

கேட்டவுடனே நாலு பேர் விழுந்து கும்பிட்டார்கள். சித்தருக்குப் போன உயிர் திரும்பி வந்தது, கையையும் தூக்கி ஆசீர்வாதம் பண்ணினார்.

"ரொம்ப நல்லதுங்க," என்றாள் அம்சவள்ளி. "கோழிய திரும்ப இன்ஜினாக்கச் சொல்லுங்க. ஓட்டிக்கினு போயிடறோம். அவசரமில்ல, இருந்து பாத்துட்டே போறோம்."

காத்திருந்தார்கள். கோழி கோழியாகவே இருந்தது. மத்தியானச் சோற்று நேரம் தாண்டினதும் கிரைண்டர் அம்மா எழுந்து, "யோவ், கொண்டாந்த ஆட்டோக்கு யாருயா குடுப்பா?" என்று ஆரம்பித்தாள். சித்தர் மெல்ல தன் ஜீப்புப் பக்கம் நகர்ந்தார். தங்கதுரை குறுக்கே போய் நின்றான்.

"உன் ஜீப்பு பெல்ட்டுக்கும் பழந்தான் பாக்கறியா?"

சடையன் மடியிலிருந்து ஜீப்பு சாவியை எடுத்தான். கவனியுங்கள், இப்போது அவர் இல்லை, அவன். "அது... கம்பெனி சொன்ன கணக்குல மாத்திக்குவம்பா. மலை ரோடாச்சே. இதுல போயி வெளையாட முடியுமா?"

தங்கதுரை அவனை அடிக்கவில்லை. விலகி வழிவிட்டான். சடையன் ஜீப்பைக் கிளப்பிக்கொண்டு போனான், வண்டி ஒரே சாவியில் ஸ்டார்ட் ஆனது.

சாயங்காலமே மெக்கானிக் தங்கதுரையின் வேனைப் பிரித்தார். வெளியே வந்த பெல்ட்டு வறண்ட ஏரி மாதிரி வெடித்திருந்தது, பாதிப் பல்லு இல்லை. இன்னும் ஒரு தபா மலையேறினால் தாங்கியிருக்காது என்றார் அவர். தங்கதுரை மகளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, ரொம்ப நேரம் இறக்கிவிடவேயில்லை. பயம் அவனுக்கு அப்போதுதான் வந்தது.

வெள்ளிக்கிழமை புது பெல்ட்டோடு வேன் மலையேறியது. இறங்கும்போது தங்கதுரை இன்ஜினை அணைக்கப் போனான். அம்சவள்ளி திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். அணைக்கவில்லை.

புளியமரத்தடியில் இப்போது கிளட்ச் பிளேட்டுக்குத் தாயத்து கட்டுகிறவர் ஒருத்தர் வந்திருக்கிறார். முதல் ஆளாய்ப் போனவர் மாவு மில்லுக்காரர். நீங்களும் போகிறதாக இருந்தால் போங்கள், யார் தடுத்தது? கிளம்புமுன் கழுத்துக்கு மேலே இருக்கிற பானட்டை மட்டும் ஒரு தபா தொறந்து பாத்துக்குங்க. உள்ளே கோழி அடைகாத்துக்கினு இருக்கப் போவுது.