நடந்து டிஸ்சார்ஜ், தூக்கி டிஸ்சார்ஜ்

ஒரே ஓர் ஆங்கிலச் சொல்லை வைத்துக்கொண்டு மலாயாவின் பீடோங் வட்டாரத்தையே கதிகலங்க அடித்த மனிதர் இந்த உலகத்தில் என் தாத்தா ஒருவர்தான். காட்டுக்குள் துப்பாக்கியோடு கம்யூனிஸ்ட் ஆட்கள் திரிந்த காலம் அது. அவர்களுக்குக்கூட ஜனங்கள் அவ்வளவு நடுங்கவில்லை.

அந்தச் சொல், ‘டிஸ்சார்ஜ்.’

தாத்தா கப்பலில் வந்தவர். ரப்பர் மரத்தில் பால் வெட்ட வந்தவரை, ரத்தத்தைப் பார்த்து மயங்கி விழாத ஒரே காரணத்துக்காகத் தோட்ட ஆஸ்பத்திரியில் எடுபிடியாகப் போட்டார்கள். அங்கேயே தேறி டிரெஸர் ஆனார். புண்ணுக்குக் கட்டுப்போடுவது, ஊசி குத்துவது, பிள்ளை பிறந்தால் தொப்புள்கொடி நறுக்குவது, கண் மூடினால் தாடையைத் துணியால் இழுத்துக் கட்டுவது, எல்லாம் அவர் கைதான். தகரக் கூரை, பினாயில் நெடி, மழை பிடித்தால் முனகல்கூடக் கேட்காத ஒரு நீள அறை. அதுதான் ஆஸ்பத்திரி.

அந்த அறையில் யாராவது இறந்துபோனால் தாத்தா ‘செத்துட்டான்’ என்று சொல்லமாட்டார். ‘தவறிட்டான்’, ‘போய்ட்டான்’ எதுவும் கிடையாது. வாசலுக்கு வருவார். கையைத் துடைத்துக்கொள்வார். துரை மாதிரி நிமிர்ந்து நின்று, “டிஸ்சார்ஜ்” என்பார். தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் ஒப்பாரி கிளம்பிவிடும்.

குணமானவர்களுக்கு அந்தச் சொல் இல்லை. “எந்திரிடா, பெரட்டுக்கு ஓடு” என்று, விடியற்காலையில் ஆள் எண்ணும் இடத்துக்கு விரட்டிவிடுவார்.

“ஏன் தாத்தா அப்படி?” என்று பின்னாளில் கேட்டேன்.

“துரை உத்தரவு இல்லாம அந்தத் தோட்டத்தை விட்டு எவன்டா வெளிய போனான்? நான் குடுக்கற விடுதலை அது ஒண்ணுதான். இங்கிலீசுல குடுத்தாத்தான மரியாதை?”

உயிரோடு இருப்பவர்களுக்கும் அவர் வழி வைத்திருந்தார். இடுப்பு ஒடிந்து வரும் பெண்களை உட்காரவைத்து, கொதிக்கக் கொதிக்கத் தேத்தண்ணி ஊற்றுவார். குடித்த வாயில் உடனே தெர்மாமீட்டரைச் சொருகுவார். பாதரசம் பால்மர உயரத்துக்கு ஏறிவிடும். துரையிடம் கொண்டுபோய் நீட்டினால் அன்றைக்கு லீவு. “துரை நம்புறது ரெண்டே ரெண்டுதான். ஒண்ணு காய்ச்சல், இன்னொண்ணு டிஸ்சார்ஜ்.”

இந்தத் தமிழில் வளர்ந்த தோட்டத்திலிருந்துதான் மாரிமுத்து குடலிறக்கத்துக்கு அறுவை செய்துகொள்ள டவுன் ஆஸ்பத்திரிக்குப் போனார். சில நாள் கழித்து ஆபீசுக்கு போன் வந்தது. அங்கே கணக்கு எழுதும் கிராணி நல்ல மனுஷன், நேரே லயத்துக்கு வந்து சொன்னார்: “அஞ்சலை, ஒம் புருஷன் இன்னைக்கு டிஸ்சார்ஜாம்.”

அஞ்சலை போட்ட சத்தம் ரப்பர் காயும் புகைவீடு வரை கேட்டது. பந்தல் எழுந்தது, தப்பு முழங்கியது, செம்மண்ணில் குழியும் வெட்டியாகிவிட்டது. மதியம் பஸ்ஸை விட்டு இறங்கிய மாரிமுத்து, ஒரு கையில் மருந்து பாட்டிலும் ஒரு கையில் வயிறுமாக நடந்து வந்தார். தன் வீட்டு வாசலில் பந்தலைப் பார்த்ததும் தலைத்துண்டை அவிழ்த்து, தப்பு அடித்துக்கொண்டிருந்தவரிடம் பணிவாகக் கேட்டார்.

“யாருண்ணே?”

அண்ணன் நிமிர்ந்து பார்த்தார். தப்பு ஒரு பக்கம் பறந்தது, அவர் ஒரு பக்கம் பறந்தார்.

அஞ்சலை மட்டும் ஓடவில்லை. “செத்தவனுக்கு என்னாய்யா பஸ்ஸு கேக்குது?” என்று விளக்குமாற்றை எடுத்தவள், அடிக்காமல் அவர் காலடியில் உட்கார்ந்துவிட்டாள்.

அன்றிலிருந்து தோட்டம் உஷாராகிவிட்டது. யார் ‘டிஸ்சார்ஜ்’ என்றாலும் உடனே ஒரு கேள்வி: “நடந்தா, தூக்கியா?” நடந்து என்றால் சோறு வடிப்பார்கள். தூக்கி என்றால் மூங்கில் வெட்டுவார்கள்.

மாரிமுத்துவுக்கு வெட்டிய குழி வீணாகவில்லை. அந்த மழைக்காலத்தில் தோட்டத்துக்குள் ஒரு காய்ச்சல் இறங்கியது. அதற்குத் தேத்தண்ணி தேவைப்படவில்லை. என் சித்தப்பாவுக்கு அப்போது பால்பல் விழுந்துகொண்டிருந்த வயது. தாத்தா தன் பிள்ளையைத் தானே பார்த்தார், தன் கையாலேயே தாடையைக் கட்டினார். வாசலுக்கு வந்து கையைத் துடைத்துக்கொண்டார். படியில் பாட்டி நின்றிருந்தாள்.

“டிஸ்சார்ஜ்” என்றார்.

அவளுக்கு இன்னும் நம்பிக்கை இருந்திருக்கிறது. “நடந்தா, தூக்கியா?” என்று கேட்டாள்.

“நான் தூக்கிட்டு வரேன்.”

அப்பா இந்தக் கதையை இதற்கு மேல் சொன்னதே இல்லை.

பால்மரங்கள் போய் எண்ணெய் எடுக்கும் செம்பனை வந்தது, லயம் இடிந்தது, நாங்கள் டவுனுக்கு வந்தோம். தாத்தா தொண்ணூறை நெருங்கியபோது நெஞ்சில் நீர் கோத்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்துகொண்டு, பக்கத்துக் கட்டில்காரர்களை எல்லாம் அவர்தான் பார்த்துக்கொண்டிருந்தார். “பாக்சிக், சூடா மாக்கான் உபாட்?” மருந்து சாப்பிட்டாயா என்று அதட்டினால் அந்த மலாய்ப் பெரியவரும் பயந்து விழுங்கிவிடுவார்.

ஒரு காலை, சின்ன வயசு தமிழ் நர்ஸ் ஒருத்தி சிரித்துக்கொண்டே வந்தாள். “தாத்தா, இன்னைக்கு டிஸ்சார்ஜ் லா!”

பார்க்க வந்திருந்த அஞ்சலை பெரியம்மா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். “அடிப் பாவி, அவரு மூஞ்சிக்கு நேராவே சொல்றியேடி!”

தாத்தா இருமி இருமிச் சிரித்தார். சிரித்து முடித்ததும் என்னைப் பார்த்தார். சற்றுமுன் டாக்டர் என்னை வெளியே அழைத்து, இனிச் செய்ய ஒன்றுமில்லை, வீட்டில் நிம்மதியாக வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருந்தார். நான் முகத்தைச் சரிசெய்துகொண்டுதான் உள்ளே வந்தேன். ஆனால் வாசலில் நிற்பவர்களின் முகங்களை ஆயுள் முழுக்கப் பார்த்தவர் அவர்.

“நடந்தாடா, தூக்கியா?”

“வீல்சேர் இருக்கு தாத்தா.”

“அதுவும் தூக்குறதுதான். தூக்கினது போதும்டா.”

நடந்தார். கட்டில், கம்பி, சுவர், என் தோள், மறுபடி சுவர். வீங்கிய பாதங்கள் தரையைத் தேய்த்துத் தேய்த்து நகர்ந்தன. ஒவ்வொரு கட்டிலருகிலும் மூச்சு வாங்கி நின்றவர், அது தெரியாதிருக்க நோயாளியை விசாரித்தார். நர்ஸ் வீல்சேரைத் தள்ளிக்கொண்டு பின்னாலேயே வந்தாள். வாசலைத் தாண்டியதும் திரும்பி, காலி நாற்காலியோடு நின்றவளைப் பார்த்து, “நீ பெரட்டுக்குப் போம்மா” என்றார்.

சில நாட்கள்தான் இருந்தார். வெயில் ஏறிய ஒரு காலையில், நான் வாயருகே கொண்டுபோன கோப்பிக் கரண்டியை அவர் வாங்கிக்கொள்ளவில்லை. கரண்டியை வைத்தேன். கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தேன். வராந்தாவில் அஞ்சலை பெரியம்மா தனியாக உட்கார்ந்திருந்தாள். வேறு சொல் எனக்கும் வரவில்லை.

“டிஸ்சார்ஜ், பெரியம்மா.”

“நடந்தா, தூக்...” பழக்கத்தில் கேட்டுவிட்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“நடந்துதான் பெரியம்மா” என்றேன். “நடந்துதான்.”