பாறைக்கும் இருபத்து நான்கு டிகிரி

ஒரு காட்டில் வெப்பமானி ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது சிங்கராஜாவின் குகை வாசலில், அருவிச் சாரல் தெறிக்கும் மரத்தடியில் தொங்கியது. எப்போது பார்த்தாலும் இருபத்து நான்கு டிகிரி. ஆகவே காடு முழுவதற்கும் இருபத்து நான்கு டிகிரி என்று தினமும் காகம் அறிவித்துவிட்டுப் போகும். ராஜாவுக்குக் குளிர்ந்தால் போதாதா?

மலைக்கு அந்தப் பக்கம் மொட்டைப் பாறை. மேகமெல்லாம் அருவிப் பக்கமே கொட்டித் தீர்த்துவிடும். பாறைக்கு ஒரு தூறல் கிடையாது. அங்கே ஒரு கௌதாரி நான்கு முட்டை இட்டு, இறக்கையை விரித்து அவற்றுக்கு நிழல் கொடுத்துக்கொண்டு நின்றது. முட்டைகளை அருவிப் பக்கத்துப் புதருக்கு மாற்ற, வெயில் நாற்பதைத் தாண்டியதாகச் சான்றிதழ் வேண்டும். இல்லாவிட்டால் எல்லையில் நிற்கும் செந்நாய்கள் விடமாட்டா.

கௌதாரி மனுப் போட்டது. பன்னிரண்டாம் நாள், வானிலை ஆய்வாளர் கீரியார் குடை பிடித்தபடி, குகை வாசலிலிருந்து கழற்றிய வெப்பமானியோடு வந்தார்.

"ஸ்ஸ்... கால வைக்க முடியலையே! என்னம்மா இப்படிக் கொதிக்குது?"

"அதத்தாங்க எழுதித் தரச் சொல்றேன்."

"எழுதலாம். ஆனா வெப்பமானிய நிழல்ல வெச்சுத்தான் அளக்கணும். அதான் சட்டம். மரம் எங்க?"

"மரம் இருந்தா நான் ஏன் சார் மனுப் போடுறேன்? உங்க குடை நிழல்ல வெச்சுப் பாருங்களேன்."

"இது சொந்தக் குடைம்மா. அரசாங்க வேலைக்கு எடுத்தா விசாரணை வந்துடும்."

கௌதாரி முட்டைகளைப் பார்த்தது. வேறு வழியில்லாமல் இறக்கையை எடுத்து வெப்பமானிக்கு மேல் விரித்தது.

"சீக்கிரம் பாருங்க சார்!"

"அரை மணி நேரம் வைக்கணும்மா. ஆடாம நில்லு."

அரை மணி கழித்துக் கீரியார் குனிந்து பார்த்தார். நாற்பத்தேழு. "உன் பக்கம் நியாயம் இருக்கும்மா" என்று மனதாரச் சொல்லி, சான்றிதழில் முத்திரை குத்திக் கொடுத்தார். பிறகு முட்டைகளை எண்ணப் போனவர், ஒன்றை எடுத்துத் தட்டி உடைத்தார்.

முட்டை வெந்திருந்தது. நான்குமே வெந்திருந்தன. கௌதாரி வாய்விட்டு அழுதது.

கீரியார் குடை நிழலில் உட்கார்ந்து நான்கையும் சாப்பிட்டார். "மாற்றுவதற்கு முட்டை ஏதும் இல்லை" என்று எழுதி, சான்றிதழைத் திரும்ப வாங்கிக்கொண்டு கிளம்பினார்.

நீதி: வெயில் தாங்காதவர்கள் முதலில் நல்ல நிழலாகப் பார்த்துக் குடியேறிவிட வேண்டும், புகாரைப் பிறகு நிதானமாகக் கொடுக்கலாம்.