ஞாயிற்றுக்கிழமை இடுப்பு

குழந்தைக் கட்டிலுக்குள் குனிந்து, பாப்பாவின் இரண்டு அக்குளிலும் கை கொடுத்து, “எழுந்தாச்சா என் தங்கம்” என்று சொல்லி முடிப்பதற்குள் கண்ணாடிக்கடைக்காரருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. மேலே வர முடியவில்லை. கீழேயும் போக முடியவில்லை. கட்டிலின் தடுப்புக் கம்பி வயிற்றில் அழுத்த, தலை உள்ளே, கால் வெளியே என்று தொங்கினார்.

பாப்பாவுக்கு ஒன்பதாவது மாதம் நடக்கிறது. அப்பா தன்னோடு விளையாடத்தான் இப்படித் தொங்குகிறார் என்று முடிவுசெய்து, அவருடைய மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வாயில் வைத்துக்கொண்டாள்.

“வேண்டாம்டா கண்ணு. அது இல்லேன்னா அப்பாவுக்கு ஒண்ணுமே தெரியாது.”

பாப்பா கொஞ்சம் யோசித்தாள். பிறகு அதைக் கட்டிலுக்கு வெளியே வீசினாள். பொருளை வீசுவதும், அது எங்கே விழுந்தது என்று எட்டிப் பார்ப்பதும் அவள் அந்த வாரம் கற்றுக்கொண்ட வித்தை.

ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டிவிடுகிறவர், எதிரே இருப்பது மகளா தலையணையா என்று தெரியாமல் கால் மணி நேரம் தொங்கினார். அப்புறம் ஒரு முழங்காலை மடக்கி, இன்னொன்றை மடக்கி, ஒருவழியாகத் தரைக்கு வந்து சேர்ந்தார். இறங்கியாயிற்று. இனி ஏற வேண்டும்.

இந்த வலி அவருக்குப் புதிதல்ல. கீழ்த்தளத்துக் கடையின் பின்னறையில், முக்காலியில் குந்தி லென்ஸ் விளிம்பைத் தேய்த்துத் தேய்த்துப் பதினைந்து வருடத்தில் சேர்த்த சொத்து. வருடத்துக்கு இரண்டு முறை வரும். நாலு நாள் தங்கிவிட்டுப் போய்விடும். மனைவி இருந்தவரை அந்த நாலு நாளும் வீட்டில் ஒரே கூத்து. “என்ன, உங்க சொந்தக்காரர் வந்துட்டாரா?” என்பாள். அவருக்குக் காலுறை மாட்டிவிட்டுக்கொண்டே சிரிப்பாள். இப்போது அந்தச் சொந்தக்காரர் வாராவாரம் வருகிறார். கேலி பண்ணத்தான் ஆள் இல்லை.

பிரசவத்துக்குப் பிறகு அவள் எழுந்து நடமாடவே இல்லை. மூன்று மாதம் படுக்கை. பகலெல்லாம் அவளுடைய அக்கா வந்து பார்த்துக்கொண்டார். கடையை மூடிவிட்டு இவர் மாடியேறி வந்ததும் அக்கா கிளம்பிவிடுவார். ஒரு நாள் மாலை இவர் ஏறி வந்தபோது அக்கா கிளம்பவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, தங்கையின் இரண்டு பாதங்களையும் மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டிருந்தார். பாதங்கள் அதற்குள் சில்லிட்டுப் போயிருந்தன.

அதன்பின் சொந்தபந்தமெல்லாம் கூடிப் பேசியது. “தனி ஆம்பளை, கைக்குழந்தைய வெச்சுக்கிட்டு என்ன பண்ணுவாரு?” என்றார்கள். கடைசியில் அக்கா ஒன்றுதான் சொன்னார்.

“ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை நான் வந்து பாத்துக்கறேன். அவரால முடியலன்னா அப்புறம் யோசிக்கலாம்.”

பாப்பாவுக்குப் பெரியம்மா என்பதால் அந்த வீட்டில் அவருக்குப் பெயரே பெரியம்மா என்று ஆகிவிட்டது. பெரியம்மாவுக்குக் குழந்தை இல்லை. ‘அப்புறம் யோசிக்கலாம்’ என்பதற்கு என்ன அர்த்தம் என்று கண்ணாடிக்கடைக்காரருக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. வாரத்தில் ஆறு நாள் இடுப்பு எப்படி வேண்டுமானாலும் வலித்துக்கொள்ளட்டும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வலிக்கக் கூடாது.

குனிவதால்தானே பிடிக்கிறது, குனியவே வேண்டாம் என்று முதலில் ஒரு வழி கண்டுபிடித்தார். கட்டிலைச் சுவரோரம் தள்ளிவிட்டு மெத்தையைத் தரையில் போட்டார். பாப்பாவும் அவரும் பக்கத்தில் பக்கத்தில் படுத்து உருண்டார்கள். சொர்க்கம்தான். எழுந்திருக்கும்போதுதான் தெரிந்தது. பாப்பாவுக்கோ எதையாவது பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கப் பழகுகிற வயது. அப்பாவும் மகளும் ஆளுக்கொரு பக்கம் ஒரே நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழ முயன்றார்கள். பாப்பா முதலில் எழுந்துவிட்டாள்.

சரி, கீழே வேண்டாம், எல்லாம் மேலே இருக்கட்டும் என்று மாற்றினார். பால் டப்பா, துணிக்கூடை, பாப்பா குளிக்கும் தொட்டி, அரிசி டின் எல்லாம் மேஜைமேல் ஏறின. வீடே இடுப்பு உயரத்துக்கு வந்தது. ஆனால் மேஜை உயரத்தில் உட்கார வைத்தால் பாப்பாவுக்கு வீசுவதற்கு எவ்வளவு வசதி! மாலைக்குள் வீட்டிலுள்ள அத்தனை கரண்டியும் தரையில் கிடந்தது. துணி காயப்போடும் கம்பால் அவற்றை ஓரமாகத் தள்ளிவைத்தார்.

பாப்பாவைப் பக்கத்துத் தையல்கடை அம்மாவிடம் விட்டுவிட்டுக் கீழே இறங்கினால், கடையில் நிலைமை இன்னும் மோசம். கண்ணாடிச் சட்டத்தின் ஸ்க்ரூ கடுகைவிடச் சின்னது. கையிலிருந்து நழுவினால் நேரே தரைதான்.

“சார், கண்ணை ஒருதடவை சோதிச்சுப் பாத்துடலாமா?” என்பார் எதிரே நிற்கும் வாடிக்கையாளரிடம். “கீழ ஒரு ஸ்க்ரூ கிடக்குது. தெரியுதா?”

“தெரியுதே.”

“கரெக்டா கை வெச்சு எடுக்க முடியுதா?”

எடுத்துக் கொடுப்பார்கள். “பார்வை பிரமாதம் சார்!” என்று வாங்கிக்கொள்வார். ஒரே வாரத்தில் ஐந்து பேருக்குப் பார்வை பிரமாதமாகிவிட்டது. ஆறாவது ஆள், “பார்வை பிரமாதம்னா எனக்கு எதுக்குங்க கண்ணாடி?” என்று வெறுங்கையோடு போய்விட்டார்.

கடைசியில் மருந்துக்கடையில் ஒரு இடுப்பு பெல்ட் வாங்கி வந்தார். அகலமான பட்டை, இழுத்துச் சுற்றி ஒட்டிக்கொள்ள வேண்டும். அது வெளியே தெரியாமலிருக்க, அந்தத் தையல்கடை அம்மாவிடமே சட்டையைப் பிரித்துத் தளர்வாகத் தைத்து வாங்கினார்.

ஞாயிற்றுக்கிழமை பெரியம்மா வந்தார். எப்போதும்போலக் கதவோரத்து உயரமான நாற்காலியில் முதுகு நிமிர்ந்து உட்கார்ந்தார். பையை மடியிலிருந்து எடுத்துப் பக்கத்து மேஜையில் வைத்தார். இரண்டு கையையும் நீட்டினார்.

“பாப்பாவைத் தூக்கிக் குடுங்க தம்பி.”

எல்லா ஞாயிறும் இதே கட்டளைதான். பாப்பா அவர் காலடிக்கே தவழ்ந்து போய்ப் புடவையைப் பிடித்து இழுத்தாலும் ஒருநாளும் அவராகக் குனிந்து எடுத்ததில்லை. இவர்தான் தூக்கிக் கொடுக்க வேண்டும். அதுவும் போகும்வரை நாலைந்து முறை. பரீட்சை வைக்கிறார்! இவரும் வியர்த்து விறுவிறுத்து, முகத்தில் சிரிப்பை ஒட்டவைத்துக்கொண்டு தூக்கிக் கொடுப்பார்.

அன்று தூக்கியபோது சட்டைக்குள் பெல்ட் பிரிந்தது. சர்ர்ர்ர்.

“என்ன தம்பி சத்தம்?”

“அது... பாப்பா.”

பெரியம்மாவின் முகம் மாறியது. “வயிறு சரியில்லையா புள்ளைக்கு? எத்தனை நாளா?”

“இல்லக்கா, சும்மா...”

“இந்தச் சத்தத்தைக் கேட்டுட்டு எப்படிச் சும்மா இருக்கறது? இனிமே நான் புதன்கிழமையும் வர்றேன்.”

ஆக, வாரத்துக்கு ஒரு பரீட்சை இரண்டாயிற்று.

அந்தப் புதன்கிழமை மாலை பெரியம்மா கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தபோது அவர் தரையில் குப்புறக் கிடந்தார். பாப்பா அவர் முதுகின்மேல் உட்கார்ந்து தாளம் போட்டுக்கொண்டிருந்தாள்.

“என்ன தம்பி, தரையில கிடக்கறீங்க?”

“ஒரு ஸ்க்ரூ விழுந்துடுச்சுக்கா. தேடறேன்.”

“ஐயோ, புள்ளை வாயில போட்டுக்கப் போறா!” பெரியம்மா பையிலிருந்து டார்ச் எடுத்தார். ஆனால் தேடக் குனியவில்லை. நின்ற இடத்திலிருந்தே நட்டுவைத்த கம்பம் மாதிரி வெளிச்சம் அடித்தார். “அந்தப் பக்கம் பாருங்க. இல்ல இல்ல, கட்டிலுக்கு அடியில. இன்னும் உள்ள போங்க.”

இல்லாத ஸ்க்ரூவை முக்கால் மணி நேரம் தேடினார் கண்ணாடிக்கடைக்காரர். கட்டிலுக்கு அடியில் கிடந்தபடி, ‘கொஞ்சம் குனிஞ்சாத்தான் என்ன, என்ன ஒரு மிடுக்கு’ என்று நினைத்துக்கொண்டார். மேலே பெரியம்மா பாப்பாவிடம் பேசிக்கொண்டிருந்தது கேட்டது.

“உங்கம்மாவும் இப்படித்தான்டி. கையில எது கிடைச்சாலும் வீசிடுவா. என் பள்ளிக்கூடப் புத்தகத்தையெல்லாம் வாசலுக்கு வீசுவா.”

அவளைப் பற்றி அந்த வீட்டில் வேறு யாரும் பேசுவதில்லை. அவரும் பேசுவதில்லை. அதைக் கேட்டுக்கொண்டிருப்பதற்காகவே இன்னும் கொஞ்ச நேரம் தேடினார்.

அடுத்த ஞாயிறு. “பாப்பாவைத் தூக்கிக் குடுங்க தம்பி.”

தூக்கினார். பாதி தூரம் வந்ததும் இடுப்பில் யாரோ பூட்டுப் போட்டதுபோல் நின்றுவிட்டார். நீட்டிய கைகளில் பாப்பா. எதிரே நீட்டிய கைகளோடு பெரியம்மா. நடுவில் ஒரு முழம் இடைவெளி.

“இன்னும் கொஞ்சம் முன்னாடி வாங்க.”

“நீங்க கொஞ்சம் குனிஞ்சு வாங்கிக்கங்கக்கா.”

“நீங்களே குடுங்க.”

“வாங்கிக்கங்கன்னு சொல்றேன்ல.”

பெரியம்மா அசையவில்லை. பாப்பா காற்றில் காலை ஆட்டிச் சிரித்தாள். அவர் நெற்றியிலிருந்து வியர்வை ஒழுகிக் கண்ணாடியில் சொட்டியது. வேறு வழியில்லாமல் முழங்காலை மடக்கி மகளை மெதுவாக மெத்தையில் இறக்கிவிட்டு, அப்படியே மண்டியிட்டு நின்றார்.

“உங்களால முடியலன்னா சொல்லிடுங்க தம்பி,” என்றார் பெரியம்மா.

ஆறு மாதமாக அவர் பயந்துகொண்டிருந்த வார்த்தை.

“முடியும்!” என்று கத்தினார். “என்னால முடியும். என் பொண்ண நான் யாருக்கும் குடுக்க மாட்டேன். நீங்க இங்க வந்து உக்காந்து என்னைச் சோதிச்சது போதும். ஒருநாளாவது நீங்களா அவளைத் தூக்கியிருக்கீங்களா?”

பெரியம்மாவின் முகத்தில் ரத்தமே இல்லை. நாற்காலியின் இரண்டு கையையும் பிடித்து எழுந்து, பையை எடுத்துக்கொண்டு, படியில் ஒவ்வொரு காலாக வைத்து இறங்கிப் போனார்.

புதன்கிழமை வரவில்லை. ஞாயிற்றுக்கிழமையும் வரவில்லை.

ஜெயித்துவிட்டோம் என்று கண்ணாடிக்கடைக்காரர் தனக்குத்தானே சொல்லிப் பார்த்தார். பாப்பா தவழ்ந்து போய்க் காலி நாற்காலியைப் பிடித்து எழுந்து நின்றாள். உட்காரும் பலகையைக் கையால் தட்டினாள். கதவைப் பார்த்தாள். திரும்பி அப்பாவைப் பார்த்தாள். பிறகு உதட்டைப் பிதுக்கி அழ ஆரம்பித்தாள். அவளை எடுத்துத் தோளில் போட்டுக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. எழ முடியவில்லை. மெத்தையில் கிடந்தபடியே கையை நீட்டினார். விரல் நுனிதான் அவள் பாதத்தைத் தொட்டது. அவரும் அழுதார்.

மறுநாள் பாப்பாவைத் தையல்கடை அம்மாவிடம் விட்டுவிட்டு, சுவரைப் பிடித்துப் பிடித்து அடுத்த தெருவுக்குப் போனார். அங்கே ஒரு பிசியோதெரபி நிலையம் இருந்தது. பெரியம்மா வீட்டுக்குப் போகிற வழி என்பதாலேயே இத்தனை நாளும் அந்தப் பக்கம் தலைவைக்காமல் இருந்தார்.

டாக்டரம்மாவுக்கு இரும்புக் கை. குப்புறப் படுக்க வைத்து இடுப்பில் கட்டைவிரலை அழுத்தினார்.

“இவ்வளவு நாள் ஏன் சார் வரல? யார்கிட்டயும் சொல்லாம இப்படியே தாங்கிக்கிட்டு இருந்தீங்களா?”

அந்த ஒரு கேள்வி போதுமானதாக இருந்தது. முகத்தைத் தலையணையில் புதைத்துக்கொண்டு எல்லாவற்றையும் கொட்டினார். மனைவி போனது, கீழே கண்ணாடிக்கடை, மேலே வீடு, ஒன்பது மாதக் குழந்தை, சர்ர்ர் என்று பிரிந்த பெல்ட், கத்தியது, காலி நாற்காலி.

“நான் இங்க வந்தது வெளிய தெரியக் கூடாதும்மா. முக்கியமா என் சம்சாரத்தோட அக்காவுக்கு. என்னால தூக்க முடியலன்னு தெரிஞ்சா புள்ளையக் கொண்டுபோயிடுவாங்க. எனக்குன்னு வேற யாரும் இல்ல.”

இடுப்பில் அழுத்திக்கொண்டிருந்த கட்டைவிரல் நின்றது. டாக்டரம்மா சுற்றி வந்து, அவர் முகத்துக்கு நேரே ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“ஒருத்தர் விஷயத்தை இன்னொருத்தர்கிட்ட நான் சொல்லக் கூடாது சார், ஆனா உங்க அக்கா ஆறு மாசமா வியாழக்கிழமை வியாழக்கிழமை இதே கட்டில்ல இப்படியே குப்புறப் படுத்துக்கிட்டு, ‘தங்கச்சியத் தூக்கித் தூக்கி உட்கார வெச்சதுல இடுப்பு போயிடுச்சு, இது தம்பிக்குத் தெரிஞ்சா பாப்பாவை என் கையில குடுக்கவே மாட்டாரு’ன்னு இதே அழுகைதான் அழறாங்க.”