குளிர்ச்சித் தகடும் இரண்டு பனிக்கட்டிகளும்

எங்கள் வீட்டுக் கூடத்தில் அன்று நிற்க இடமில்லை. குடியிருப்பே திரண்டிருந்தது. 'வெப்பநாதர்' வந்திருந்தார். பட்டம் மக்கள் கொடுத்தது. புகழ் நான் கொடுத்தது. "வீட்டைக் குளிர்விக்கும் அதிசயத் தகடு" என்று ஞாயிறு இதழில் அரைப்பக்கம் அளந்த நிருபர் அடியேன்தான்.

எங்களுடையது மேல்தளம். வெயிலில் வீடு அடுப்பாகிவிடும். கைக்குழந்தைக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு, தூங்காமல் அழுகிறது. மொட்டைமாடிப் பராமரிப்புக்குச் சேர்த்த பொதுப்பணத்தில் ஆளுக்கொரு தகடு வாங்கலாமா என்று அன்று முடிவெடுக்க வேண்டும்.

"சுவர்ல கோபம் தங்கியிருக்கு. அதான் கொதிக்குது," என்றார் வெப்பநாதர்.

கூரைமேல் வெறும் கான்கிரீட். குடியிருப்பைக் கட்டியவர், விதிப்படி போடவேண்டிய வெப்பத்தடுப்பு அடுக்கைப் போடவே இல்லை. அவரேதான் வெப்பநாதரைச் சிபாரிசும் செய்தார். ஊர் ஊழலையெல்லாம் மோப்பம் பிடிக்கிற எனக்கு இது மட்டும் நாறவில்லை.

வெப்பநாதர் கனத்த செம்புத் தகட்டை மேசையில் வைத்தார். "தொட்டுப் பாருங்க. அப்புறம் அந்த மர முக்காலியைத் தொடுங்க."

"அடடா, தகடு ஜில்லுன்னு இருக்கே!" என்றார் கீழ்வீட்டுப் பல் டாக்டர்.

"குளிர்காலத்துல என்ன பண்றது?" என்று கேட்டார் கணக்கு வாத்தியார்.

"திருப்பிப் போடுங்க சார். சூடு கொடுக்கும்."

இரண்டு பக்கமும் ஒரே மாதிரிதான் இருந்தன. "எல்லாத் தட்பவெப்பத்துக்கும் ஏற்றது" என்று அதையும் எழுதியிருந்தேன்.

என் மனைவி தோளில் குழந்தையும் கிண்ணத்தில் இரண்டு பனிக்கட்டியுமாக வந்தாள். "தகடு குளிர்ச்சி குடுக்கும்னா, இதுமேல பனிக்கட்டி ரொம்ப நேரம் உருகாம இருக்கணும், இல்லையா?"

"தாராளமா இருக்கும்மா!"

ஒன்றைத் தகட்டில் வைத்தாள்; மற்றொன்றை முக்காலியில். பார்த்துக்கொண்டிருக்கும்போதே தகட்டுக் கட்டி உருகிக் குட்டையாகத் தேங்கியது. முக்காலிக் கட்டி கல்லாக உட்கார்ந்திருந்தது.

"உலோகம் உங்க கைச்சூட்டை வேகமா இழுக்குது, அதனால ஜில்லுங்குது. அதே வேகத்துல பனிக்கட்டிக்குச் சூட்டைத் தள்ளுது. இதுல குளிர்ச்சி எங்க இருக்கு?"

"நம்பிக்கை இல்லாத வீட்டுல பனி சீக்கிரம் உருகும்மா..."

"ரெண்டு கட்டியும் இதே வீட்டுக் குளிர்பெட்டியில உறைஞ்சதுதான். முக்காலிக்கு மட்டும் நம்பிக்கை வந்திடுச்சாக்கும்?"

கூடமே சிரித்தது. பல் டாக்டர் அதிகமாகச் சிரித்தார். தகட்டை முதலில் புகழ்ந்தவர் அவர். பொதுப்பணம் கூரை அடுக்குக்குத்தான் என்று முடிவானது. கட்டியவரிடம் விளக்கம் கேட்கவும் தீர்மானம். வெப்பநாதர் வழிந்த வியர்வையைத் துடைத்தபடி படியிறங்கினார். தகடு கையில்தான் இருந்தது. ஏனோ நெற்றியில் வைத்துக்கொள்ளவில்லை.

குழந்தை மறுபடி சிணுங்கியது. மனைவி என் கட்டுரை வந்த இதழை மடித்து விசிறினாள். "பரவாயில்லைங்க, நீங்க எழுதினதுல கொஞ்சம் காத்து வருது."

அரைப்பக்கம் எழுதிய எனக்கு அரை நிமிடம் யோசிக்க நேரமில்லாமல் போயிற்று. உங்கள் வீடு கொதித்தால் முதலில் கூரையைப் பாருங்கள். அச்சில் வந்ததாயிற்றே என்று எதையும் நம்பாதீர்கள். அச்சில் எழுதுகிறவனை இப்போது பார்த்துவிட்டீர்கள்.