மச்சினனுக்கு நாலு அங்குலம்

இந்த முறை என் மச்சினனை வெட்டியே தீருவது என்று முடிவு செய்துவிட்டேன். போலீஸைக் கூப்பிட்டுவிடாதீர்கள். படத்தில்தான்.

மனைவி தையல் கடை திறக்கிறாள். வாசலில் ஒட்ட ஒரு பெரிய போஸ்டர். டிசைன் செய்வது என் பிழைப்பு என்பதால் வேலை என் தலையில் விழுந்தது. நடுவில் அவள், இரண்டு பக்கமும் குடும்பம். குடும்பம் என்றால் அவள் தம்பியும் சேர்த்திதான். நான் ஏணியிலிருந்து விழுந்ததை வருகிற விருந்தாளிக்கெல்லாம் நடித்துக் காட்டுகிறானே, அதே தம்பி. அவன் நடிக்க நடிக்க ஏணியின் உயரம் குறைகிறது. போன வாரம் அது முக்காலி ஆகிவிட்டது.

"அவன் இல்லாம போஸ்டர் கிடையாது," என்றாள்.

"சரிம்மா."

"என்ன, சட்டுனு சரிங்கிறீங்க?"

"உன் தம்பி எனக்கும் தம்பி மாதிரிதானே!"

என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

எங்கள் தொழிலில் ப்ளீட் என்று ஒரு சங்கதி உண்டு. வெட்டுக் கோட்டைத் தாண்டியும் படத்தைக் கொஞ்சம் நீட்டி வைப்போம். அச்சான பிறகு கட்டிங் மெஷின் அந்த நீட்டலை அறுத்துத் தள்ளிவிடும். ஓரத்தில் வெள்ளை எட்டிப் பார்க்காது. இதற்கு மற்றவர்கள் மூன்று மில்லிமீட்டர் விடுவார்கள். மச்சினனாயிற்றே! நான் தாராளமாக நாலு அங்குலம் விட்டேன். கேன்வாஸை இடது பக்கம் அகலப்படுத்தி, அங்கே அவனைப் பாந்தமாக நிறுத்தினேன். அவனிடமிருந்து எவ்வளவு தள்ளி நிற்க முடியுமோ அவ்வளவு தள்ளி, வலது கோடியில் நான் நின்றுகொண்டேன். பிறகு வெட்டுக் கோட்டை மறைத்துவிட்டு மனைவியைக் கூப்பிட்டேன்.

"ஏங்க, என் தம்பி ஏன் இப்படி ஓரத்துல?"

"ஓரத்துல நிக்கிறவங்கதான் முதல்ல கண்ணுல படுவாங்க. நானும் ஓரத்துலதானே நிக்கிறேன்?"

"அதுவும் சரிதான்."

நம்பிவிட்டாள்! ஃபைலை அச்சகத்துக்கு அனுப்பிவிட்டுக் குளிக்கப் போனேன். பாட்டு வேறு. நாளைக்குச் சொல்ல வேண்டிய வசனத்தையும் சோப்பு நுரையோடு உரக்க ஒத்திகை பார்த்தேன். "மெஷின் வெட்டிடுச்சும்மா. அதுக்கென்ன கண்ணா இருக்கு?"

மறுநாள் போஸ்டர் வந்தது. மச்சினனும் வந்தான். அவனும் என் மனைவியுமாக அதைக் கடை வாசலில் ஒட்டினார்கள். நான் முகத்தைத் துக்கமாக வைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தேன்.

இடது ஓரத்தில் மச்சினன், முப்பத்திரண்டு பல்லும் தெரிய, முழுசாக நின்றான். வலது ஓரத்தில் என் மகளின் தோள்மேல் ஒரு கை இருந்தது. கைக்கு உரியவரைக் காணோம்.

"மாமா, ஏணியிலேர்ந்து விழுந்தப்பகூட கை உங்களோடதானே இருந்துச்சு?" என்றான் அந்தப் படுபாவி.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நான் எங்க?" என்று மனைவியிடம் கத்தினேன்.

"நேத்து நீங்க குளிக்கும்போது அச்சகத்துக்காரர் போன் பண்ணாருங்க. ப்ளீட்ல ஒரு ஆள் நிக்கிறாரே, வெட்டிடலாமான்னு கேட்டாரு. ப்ளீட்னா என்னங்கன்னேன். பாவம், பொறுமையா சொல்லிக்கொடுத்தாரு."

"அப்புறம்?"

"வெட்டுக் கோட்டை அப்படியே நாலு அங்குலம் இடது பக்கம் தள்ளி வைங்கன்னேன். போஸ்டர் அளவு கொஞ்சம்கூட மாறல, பாத்தீங்களா?"

"அப்போ வலது பக்கம் நின்ன நான்?"

முகத்தைத் துக்கமாக வைத்துக்கொண்டாள். என்னைவிட நன்றாகவே வைத்துக்கொண்டாள்.

"மெஷின் வெட்டிடுச்சுங்க. அதுக்கென்ன கண்ணா இருக்கு?"