அரங்கசாமியின் சோயா ஒழிப்பு

வருகிற ஞாயிற்றுக்கிழமைக்குள் தன் வீட்டு அடுப்பிலிருந்து சோயாவை ஒழித்துக்கட்டுவது என்று அரங்கசாமி முடிவெடுத்தார். குளிக்கும்போது எடுத்த முடிவு. தலையில் ஊற்றிய சொம்புத் தண்ணீர் காலுக்கு வந்து சேர்வதற்குள் எடுத்துவிட்டார். அப்புறம் துண்டைக் கட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்று, "ஒண்ணு அது, இல்லீனா நானு" என்று தனக்குத்தானே சொல்லியும் கொண்டார். மெதுவாகத்தான் சொன்னார். மனைவி தெய்வாத்தாள் பக்கத்து அறையில் இருந்தாள்.

விஷயம் இதுதான். ஏழு வாரமாக அவர் நாக்கில் ஆட்டுக்கறி படவில்லை. ஆர்.எஸ்.புரத்து டாக்டர் ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பார்த்துவிட்டு, "கொலஸ்ட்ரால் கொஞ்சம் கூட இருக்குதுங்க. கறியைக் குறைச்சுக்குங்க" என்றார். குறைச்சுக்குங்க என்றுதான் சொன்னார். தெய்வாத்தாளும் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். ஆனால் பஸ் துடியலூரைத் தாண்டுவதற்குள் 'குறைச்சுக்குங்க' அவள் வாயில் 'நிறுத்திப்போடுங்க' ஆகிவிட்டது. காரமடையில் இறங்கியதும் முதல் வேலையாக அவள் வாங்கியது ஒரு பாக்கெட் மீல் மேக்கர். அடுத்த ஞாயிற்றுக்கிழமை குழம்புச் சட்டியில் கறி மிதக்க வேண்டிய இடத்தில் சோயா உருண்டைகள் மிதந்தன. பல்லில் பட்டால் தண்ணீரைத் துப்பின.

இதில் அவருக்குக் கூடுதலாக ஒரு அவமானம் இருந்தது. காரமடை மெயின் ரோட்டில் அவர் வைத்திருப்பது கோழித் தீவனக் கடை. பத்து வருஷமாகச் சோயாப் புண்ணாக்கை மூட்டை மூட்டையாக விற்கிறவர். ஊரில் ஒருத்தரும் அவரைப் பார்த்துச் சிரிக்கவில்லைதான். ஆனால் அவருக்கென்னவோ பண்ணைக் கோழிகள் எல்லாம் தன்னைப் பார்த்துச் சிரிப்பதாகவே பட்டது.

"ஏம்மிணி, நான் என்ன கோழியா?"

"அப்படி யாருங்க சொன்னது?"

"அப்பறம் என்னத்துக்குக் கோழித் தீவனத்தக் கொழம்பு வெக்கிறே?"

"நீங்கதானுங்க கடையில சொல்றீங்க. சோயாவுல இருக்கற சத்து வேற எதுலயும் இல்ல, இதத் தின்ன கோழி நாப்பத்தஞ்சு நாள்ல எந்திரிச்சு நிக்கும், சீக்கே அண்டாதுன்னு. நேத்துக்கூடச் சொன்னீங்களே, நாலு ஊட்டுக்குக் கேக்கற மாதிரி."

"அது யாவாரத்துக்குச் சொல்றது. கோழிக்கு வேற, எனக்கு வேற!"

"வேறதானுங்க. கோழி கேள்வி கேக்காமத் திங்குது."

இந்த மாதிரிப் பேச்சில் அரங்கசாமி இதுவரை ஜெயித்ததே இல்லை. ஆனால் அந்த வாரம் அவருக்கு ஒரு ஆயுதம் கிடைத்தது. சலூனில் முறை வரும்வரை புரட்டிக்கொண்டிருந்த வாரப் பத்திரிகையில் ஒரு பக்கம் முழுக்க சோயாதான். இடது பாதியில் சோயா நல்லது என்று ஒருத்தர் எழுதியிருந்தார். புரதம் உண்டு, கொழுப்பு இல்லை, இதயத்துக்கு இதம், இத்யாதி. வலது பாதியில் இன்னொருத்தர் அதே சோயாவைக் கிழித்துத் தொங்கவிட்டிருந்தார். வயிறு உப்பும், தைராய்டுக்காரர்களுக்கு ஆகாது, ஆண்கள் யோசித்துச் சாப்பிட வேண்டும் என்று ஒரேயடியாகப் பயமுறுத்தியிருந்தார். எது சரி என்று பத்திரிகை சொல்லவில்லை. அரங்கசாமிக்கும் அது தேவைப்படவில்லை. முடிகூட வெட்டிக்கொள்ளாமல், பக்கத்துப் பெட்டிக்கடையில் அதே பத்திரிகையை வாங்கிக்கொண்டு டி.வி.எஸ். ஐம்பதை விரட்டினார்.

வீட்டுக்குள் நுழைந்து பத்திரிகையை மேசைமேல் விரித்து வைத்துவிட்டுக் கைகால் கழுவப் போனார். திரும்பி வந்தபோது பத்திரிகை தெய்வாத்தாள் உட்காரும் நாற்காலிப் பக்கமாகத் திரும்பியிருந்தது. அதைக் கவனிக்காமல் கத்திரிக்கோல் தேடினார். பீரோவில் இல்லை. தையல் மிஷின்மேல் இல்லை. பூஜை அலமாரியில்கூடத் தேடினார்.

"ஏம்மிணி, கத்திரிக்கோல் எங்க?"

தெய்வாத்தாள் போனில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தாள். ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு, "அந்த மேசை டிராயர்லதானுங்க, நல்லாத் தேடுங்க" என்று சொல்லிவிட்டு மறுபடி பேச்சைத் தொடர்ந்தாள்.

வலது பாதியை மட்டும் கச்சிதமாக வெட்டினார். இடது பாதியைக் கசக்கி ஜன்னல் பக்கம் எறிந்தார். சோற்றுப் பருக்கையைத் தேய்த்து, வெட்டிய பாதியைச் சமையலறைக் கதவில் ஒட்டிவிட்டு இடுப்பில் கை வைத்து நின்றார்.

தெய்வாத்தாள் வந்து படித்தாள். முழுசாகப் படித்தாள். அப்புறம் கன்னத்தில் கை வைத்தாள்.

"அய்யோ சாமி! ஏழு வாரமா இதையா உங்களுக்குப் போட்டேன்? வர்ற ஞாயித்துக்கெழம கறியே எடுத்தாந்துருங்க."

அரங்கசாமிக்கு நெஞ்சு விம்மியது. கல்யாணமாகிப் பதினெட்டு வருஷத்தில் அவள் மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொண்டது இதுதான் முதல் தடவை. சந்தேகப்பட்டிருக்க வேண்டும். சந்தோஷத்தில் இருக்கிறவனுக்குச் சந்தேகப்பட எங்கே நேரம்?

"ஒண்ணே ஒண்ணுங்க. இந்த நல்ல சமாச்சாரம் அடுப்படிக் கதவுல கெடந்தா யாருக்குத் தெரியும்? முன்னாடி ரூம்புல, சாப்பாட்டு மேசைக்கு மேல ஒட்டிருலாமுங்க."

"ஒட்டு, ஒட்டு. நாலு பேரு படிச்சுத் திருந்தட்டும்."

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் சந்தைப்பேட்டைக்குப் போய் வரிசையில் முதல் ஆளாக நின்றார். நெஞ்செலும்பு, தொடைக்கறி, கொஞ்சம் ஈரல் என்று கை காட்டி வாங்கினார். பதினொரு மணிக்கு மசாலா வாசம் தெருவரைக்கும் போனது. அரங்கசாமி மேசைக்கும் அடுப்படிக்குமாக எட்டு தடவை நடந்தார். ஒன்பதாவது தடவை நடக்கும்போது வாசலில் வெள்ளை அம்பாசிடர் வந்து நின்றது.

இறங்கியவர் லட்சுமணசாமி. அவிநாசிப் பக்கம் இருபதாயிரம் கோழி வைத்திருக்கிற பண்ணைக்காரர். அரங்கசாமியின் கடையில் பாதி வியாபாரம் அவரை நம்பித்தான் ஓடுகிறது.

"வாங்கண்ணா, வாங்க! என்ன திடீர்னு?"

"திடீர்னா? நல்லாக் கேட்டயே! தங்கச்சி போன் பண்ணி, ஞாயித்துக்கெழம சாப்பிட வந்தே தீரோணும்னு ஒரு வாட்டிக்கு ரெண்டு வாட்டி சொல்லுச்சேப்பா."

அரங்கசாமி திரும்பி மனைவியைப் பார்த்தார். அவள் சிரித்த முகமாக விருந்தாளிக்கு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். நாற்காலிக்கு நேர் எதிரே சுவர். சுவரில் சோயா.

ஓடிப்போய் அதன்மேல் சாய்ந்து நின்றார்.

"என்ன தம்பி, சொவத்துல சாஞ்சுட்டே?"

"சும்மாங்கண்ணா. இடுப்பு வலிங்க."

"உக்காருங்க, உக்காந்தா வலி போயிரும்" என்று தெய்வாத்தாள் அவர் கையைப் பிடித்து அன்போடு இழுத்து உட்கார வைத்தாள். லட்சுமணசாமி மூக்குக்கண்ணாடியை மாட்டினார். உதடு அசையப் படித்தார். படிக்கப் படிக்க முகம் இருண்டது.

"அரங்கசாமி, நெஞ்சுல கை வெச்சுச் சொல்லு. இத்தன வருசமா எங்கோழிக்கு என்னத்தக் குடுத்தே?"

"அண்ணா, அது வந்துங்க…"

"உன் ஊட்டுச் சொவத்துலயே ஒட்டி வெச்சிருக்கறயே, ஆகாதுன்னு! நீ திங்க மாட்டே, எங்கோழி மட்டும் திங்கோணுமா?"

பாதிக் கடை அம்பாசிடரில் ஏறிப் போவது அரங்கசாமி கண்ணுக்குத் தெரிந்தது. அப்போது தெய்வாத்தாள் காலண்டருக்குப் பின்னாலிருந்து, இஸ்திரி போட்டதுபோல் நீவி வைத்த ஒரு காகிதத்தை எடுத்தாள். ஜன்னலோரம் எறிந்த இடது பாதி.

"அது பாதிதானுங்கண்ணா. மீதி இதுலங்க. வெட்டறப்பக் கை தவறிப்போச்சுங்க."

லட்சுமணசாமி அதையும் படித்தார்.

"ஒருத்தன் நல்லதுங்கறான். ஒருத்தன் கெட்டதுங்கறான். நான் எவனை நம்பறது? நீ சொல்லு தம்பி. நல்லதா, கெட்டதா?"

"நல்லதுங்கண்ணா! அதுல இருக்கற சத்து வேற எதுலயும் இல்லீங்க!" கடையில் சொல்கிற அதே குரல். தானாக வந்துவிட்டது.

"அப்ப நீ திங்கறயா?"

பதில் சொல்ல அரங்கசாமி வாயைத் திறந்தார். பதில் வேறு வாயிலிருந்து வந்தது.

"என்னங்கண்ணா இப்படிக் கேட்டுப்போட்டீங்க? ஏழு வாரமா ஞாயித்துக்கெழமையானா அவருக்கு சோயாதானுங்க. கறியத் திரும்பிக்கூடப் பாக்கறதில்ல. இன்னிக்குக் கறி எடுத்தாந்ததே நீங்க வாரீங்கன்னுதானுங்க."

சொல்லிக்கொண்டே ஒரு கிண்ணத்தை அவர் முன்னால் வைத்தாள். மீல் மேக்கர் குழம்பு. காலையிலேயே ஊறப்போட்டிருக்க வேண்டும், அவ்வளவு பதமாக வெந்திருந்தது.

அரங்கசாமி சாப்பிட்டார். லட்சுமணசாமி பார்த்துக்கொண்டே இருந்ததால் சிரித்துக்கொண்டே சாப்பிட்டார். எதிரே, அரங்கசாமி தன் கையால் வாங்கிய நெஞ்செலும்பை லட்சுமணசாமி உறிஞ்சிய சத்தம் அவர் காதில் ஈட்டியாய் இறங்கியது. ஈரல் வறுவல் அவர் மூக்குக்குக் கீழே ஒரு முழ தூரத்தில் கடந்து போனது. அழுகை வந்தது. காரம் என்று சொல்லித் துடைத்துக்கொண்டார்.

"இப்பத்தான் நம்பிக்கை வந்துச்சு தம்பி. அடுத்த லோடு சேத்தியே அனுப்பு" என்று கை கழுவினார் லட்சுமணசாமி. "எங்க பக்கத்துப் பண்ணைக்காரங்களுக்கும் இதே சந்தேகந்தான். வாரம் ஒருத்தரைக் கூட்டியாறேன். நீ திங்கறத அவுங்களும் ஒருக்காப் பாத்துக்கட்டும்."

"தாராளமா வாங்கண்ணா" என்றாள் தெய்வாத்தாள். மிச்சக் கறியை டிபன் கேரியரில் அடைத்து, அண்ணிக்கும் கொடுங்க என்று காரில் வைத்தாள்.

அம்பாசிடர் தெருமுனை திரும்பும்வரை அரங்கசாமி கும்பிட்ட கையை இறக்கவில்லை. அப்புறம் மெல்லக் கேட்டார்.

"அம்மிணி, அவருக்கு எப்பப் போன் பண்ணினே?"

"நீங்க கத்திரிக்கோல் தேடிட்டிருந்தப்பங்க."