கட்டுத்துணியை மேஜையில் விட்டுவிட்டுப் பந்தியில் உட்கார்ந்தவள்

புது மிஷின் ஒன்று கைக்கு வந்துவிட்டால் எனக்கு வேறெதுவும் கண்ணுக்குத் தெரியாது. (மிக்ஸி வாங்கிய அன்று ஜாரில் எதுவும் போடாமலே ஓட்டிப் பார்த்தவள் நான்.) பிசியோதெரபி முடித்து, காரைக்குடியில் ஒரு கிளினிக்கில் சேர்ந்த புதிதில், இந்தக் குணம் ஒரு மனுஷரின் காலுக்கே வேட்டு வைக்கப் பார்த்தது.

அவர் கல்யாணச் சமையல் மாஸ்டர். வருஷக்கணக்காக அடுப்பின் முன் நின்றதில் நரம்பு சுருட்டிக்கொண்டு, கணுக்காலுக்கு மேல் ஆறாத புண். மாதக்கணக்கில் காலை இறுக்கிக் கட்டுப் போட்டதில் அப்போதுதான் மூடிவந்தது. கூடவே, புதிதாக வந்திறங்கிய அல்ட்ராசவுண்ட் மிஷினால் ஒலியலைச் சிகிச்சையும் கொடுத்துப் பார்க்கலாம் என்றார் டாக்டர்.

ஆத்தங்குடியில் ஒரு கல்யாணம். காலைப் பலகாரத்தை முடித்துவிட்டு ஓடிவந்தார் மாஸ்டர். கட்டைப் பிரித்தேன். ஜெல் தடவி, புண்ணைச் சுற்றி மிஷினை வட்டமடித்தேன். மருந்துத்துணி ஒட்டி அனுப்பிவிட்டுப் பெருமையாக நிமிர்ந்தால், டாக்டர் மேஜையைப் பார்க்கிறார்.

“இது யாரு கட்டும்மா?”

அந்த ஜெல்லை என் முதுகில் ஊற்றியதுபோல் இருந்தது.

“இது இல்லாம மதியம் வரைக்கும் நின்னா கால் வீங்கிரும். மூடுன புண்ணு திறந்துக்கும். ஓடு!”

மாஸ்டர் போனை எடுக்கவில்லை. கட்டை எடுத்துக்கொண்டு ஸ்கூட்டியில் பறந்தேன். கல்யாண வீட்டு வாசலிலேயே ஓர் ஆச்சி மடக்கினார்.

“வாங்க, வாங்க! பந்தி போட்டாச்சு.”

“இல்ல ஆச்சி, மாஸ்டரை அவசரமாப் பாக்கணும்…”

“சாப்புடாம விட்டுருவமா? அவுக எங்கிட்டுப் போயிரப் போறாக? அடுப்படியிலதான நிக்கிறாக!”

அந்த ‘நிக்கிறாக’வில்தான் என் உயிரே போனது. இலை முன் உட்காரவைத்துவிட்டார்கள்; எழுந்தால் தோளை அமுக்கினார்கள். இலையில் கவுனரிசி இனிப்பு விழுந்தது, என் மனக்கண்ணில் மாஸ்டரின் கால் வீங்குகிறது. மண்டிக் குழம்பு விழுந்தது, புண் விரிகிறது. வெள்ளைப் பணியாரத்தைப் பிட்டபடி அடுப்படிப் பக்கமே எட்டிப் பார்த்தேன்.

பந்தியைப் பார்க்க மாஸ்டரே வந்தார். “பாப்பா, இன்னும் ரெண்டு பணியாரம் வைக்கவா?”

“மாஸ்டர், காலைக் காட்டுங்க!”

நான் போட்ட கத்தலில் பந்தியே அப்படியே நின்றது.

அவர் வேட்டியை ஒதுக்கினார். கால் வீங்கியிருந்தது. துணியை விலக்கிப் பார்த்தேன். புண் திறக்கவில்லை.

“நீங்க மிஷின் வச்சீகளா, இனிக் கட்டு வேணாம்போலன்னு நெனச்சேன்.”

அவரைப் பெஞ்சில் படுக்கவைத்து, அரிசி மூட்டை மேல் காலைத் தூக்கி வைத்து, வீக்கம் வடிந்தபின் கட்டினேன். படுத்தபடியே “ரசத்தை இறக்குங்கடா!” என்று அதட்டிக்கொண்டிருந்தார்.

புண் ஆறிவிட்டது. (மிஷினாலா, கட்டாலா? நான் கேட்கவில்லை, டாக்டரும் என் முகத்தைப் பார்த்துப் பாவப்பட்டுச் சொல்லவில்லை.)

என் கல்யாணத்துக்கும் அவரே சமைத்தார். மாப்பிள்ளையோடு இலை முன் உட்கார்ந்திருந்தேன். மாஸ்டர் வந்து வேட்டியை முழங்கால் வரை தூக்கி, கட்டுக்குப் பதிலாகப் போட்டிருந்த இறுக்கமான காலுறையைக் காட்டினார்.

“எல்லாம் சரியா இருக்கு பாப்பா. நிம்மதியாச் சாப்புடுங்க!”

இன்றும் என் பக்கத்து இலையில் உட்காரும் சொந்தக்காரர் எவரும், முதலில் எனக்குக் காலைக் காட்டாமல் சாப்பாட்டில் கை வைப்பதில்லை.